நேரமிருக்கே, இருங்க

பிரேசிலுக்கு முதன்முறையாக வருகிறவர்களுக்கென்று புத்தகம் எழுதுகிறவர்கள் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். குழாய்த் தண்ணீரைக் குடிக்காதே. தெருவில் கைக்கடிகாரம் கட்டாதே. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாகச் சேர்த்து ‘பிரமாதம்’ என்று காட்டாதே, அங்கே அது கெட்ட வார்த்தை. எல்லாம் சரிதான். ஆனால் மீனாஸ் மலைப்பக்கத்தில் ஒரு வீட்டில் காபி குடித்துவிட்டு எழுந்திருக்கும்போது என்ன செய்யவேண்டும் என்று ஒரு புண்ணியவானும் எழுதி நான் பார்த்ததில்லை. எழுதாமல் விட்டதும் நல்லதுக்குத்தான். எழுதியிருந்தால் டோனா ஒஸ்மரீனா, அதாவது நம் வழக்கில் ஒஸ்மரீனா அம்மாள், இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டிருப்பாள்.

பஸ் நிலையத்துக்கு எதிர்வீடு அவளுடையது. பின்கட்டில் இருக்கும் அறைகளை வெளியூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விட்டுப் பிழைப்பு நடத்துகிறாள். ஐம்பதைத் தாண்டிய உடம்பு, கணீரென்ற குரல், யார் வந்தாலும் துணியில் வடித்த காபி, கூடவே சோள மாவுக் கேக். வந்தவர் எழுந்தால், “அதுக்குள்ளயா? நேரமிருக்கே, இருங்க. இன்னொரு காபி வடிக்கிறேன்” என்பாள். கேஸ் சிலிண்டர் போடுகிறவனிடமும் சொல்வாள், பாதிரியாரிடமும் சொல்வாள், கொசு மருந்து அடிக்க வருகிற நகராட்சிக்காரனிடமும் சொல்வாள். அவர்களும், “இல்ல இல்ல, வேலை கிடக்கு” என்று பதில் சொல்லி நடப்பார்கள். கூடத்தில் ஒருமுறை, வாசற்படியில் ஒருமுறை, கேட்டில் ஒருமுறை என்று மூன்று தடவை இது நடக்கவேண்டும். இரண்டோடு நிறுத்தினால் மனஸ்தாபம். யாராவது நிஜமாகவே உட்கார்ந்துவிட்டால் என்ன செய்வது என்று அந்த ஊரில் எவருக்கும் தெரியாது, ஏனென்றால் எவரும் உட்கார்ந்ததில்லை.

வாய் வார்த்தையை நம்பக்கூடாது என்பதை ஒஸ்மரீனா பட்டுத் தெரிந்துகொண்டவள். அவள் புருஷன் அடெமார் ஒருநாள் மத்தியானம், “டயரு பஞ்சரு, ஒட்டிட்டு இதோ வந்துடறேன்” என்று சொல்லிவிட்டு லாரியை எடுத்துக்கொண்டு போனான். வெண்டைக்காய் போட்ட கோழிக்குழம்பு ஆறிவிடக்கூடாதே என்று அவள் மூடி வைத்துக் காத்திருந்தாள். அவன் வடக்கே பாயியா மாநிலத்துப் பக்கம் வேறு குடும்பத்தோடு இருக்கிறான் என்று பிறகு சேதி வந்தது. விவாகரத்தும் ஆகி, ஊரும் அதை மறந்தாயிற்று. ஆனாலும் யாராவது “இதோ வந்துடறேன்” என்றால் ஒஸ்மரீனா இன்றைக்கும் தெருவுக்குப் போய் வண்டி டயரைப் பார்ப்பாள்.

இப்படிப்பட்டவள் வீட்டுக்குத்தான் செயு பெல்மீரோ, அதாவது பெல்மீரோ ஐயா, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வருவார். குளிர்பெட்டி ரிப்பேர் செய்கிறவர். கல்யாணம் செய்துகொள்ள மறந்துபோனவர் என்று ஊரில் சொல்வார்கள். ஊர் பேண்டு வாத்தியத்தில் டூபா ஊதுவார். டூபா என்பது ஒரு கன்றுக்குட்டியை உள்ளே ஒளித்து வைக்கலாம் போன்ற பித்தளைக் குழல். ஒத்திகை முடிந்ததும் அதைத் தோளில் சுமந்துகொண்டு நேராக இங்கே வருவார். வீட்டிலிருந்த ஒரே நல்ல நாற்காலியில் டூபா உட்காரும், அவர் ஸ்டூலில் உட்காருவார். பிறகு கம்ப்ரசரைப் பற்றிப் பேசுவார். ஒரு மனிதன் வருஷக்கணக்கில் கம்ப்ரசரைப் பற்றிப் பேசமுடியுமா என்றால், காதல் இருந்தால் முடியும். பொழுது சாயும்போது எழுந்து, “சரி, கிளம்பறேன்” என்பார்.

“நேரமிருக்கே, இருங்க” என்பாள் ஒஸ்மரீனா.

மற்றவர்களிடம் அதைச் சொல்வது வாய். இவரிடம் சொல்வது நெஞ்சு. ஆனால் வார்த்தை அதேதான், குரலும் அதேதான். கேஸ்காரனுக்குச் சொன்னதையே தனக்கும் சொல்கிறாள் என்று அவர் எண்ணிக்கொள்வார். “இல்ல இல்ல, வேலை கிடக்கு” என்று டூபாவைத் தூக்கிக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவருக்கு என்ன வேலை கிடக்கிறது என்று அவளுக்குத் தெரியாதா? தனியாக உட்கார்ந்து ஆறிப்போன பீன்ஸ் தின்கிற வேலை.

“ஏன்டி, அந்தாளு உன்னைப் பாக்க வர்றாரா, உன் ஃபிரிட்ஜைப் பாக்க வர்றாரா?” என்று பக்கத்து வீட்டு இவோனில்டி கேட்பாள்.

“ஃபிரிட்ஜைப் பாக்க வந்தாலாவது தொட்டுப் பாப்பாரு” என்பாள் ஒஸ்மரீனா.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஒருமுறை அவளே பிளக்கைத் தளர்த்திவிட்டு, ஃபிரிட்ஜ் செத்துப்போச்சு என்று ஆள் அனுப்பினாள். அவர் ஓடி வந்தார், பிளக்கை அழுத்தினார், “இப்ப சரியாப்போச்சு” என்றார், போய்விட்டார்.

இந்த நிலையில்தான் அந்தப் பேச்சு வந்தது. கொயானியா நகரத்திலிருக்கும் அவருடைய அண்ணன் பெரிய கடை போடுகிறாராம், தம்பியும் வந்துவிட வேண்டுமாம். “போலாமான்னு பாக்குறேன்” என்று டூபாவைப் பார்த்துக்கொண்டே சொன்னார் பெல்மீரோ. “அடுத்த வாரத்துக்குள்ள பதில் சொல்லணும்.”

போகாதே என்று கத்தவேண்டும்போல் இருந்தது ஒஸ்மரீனாவுக்கு. “பெரிய ஊரு. நல்லதுதானே” என்றாள். நாக்கில் சனி உட்கார்ந்திருந்தால் வேறென்ன வரும்?

மறுநாள் பஸ்ஸிலிருந்து பின்லாந்துக்காரன் ஒருவன் இறங்கி, ஒஸ்மரீனாவின் பின்கட்டில் அறை எடுத்தான். பெயர் டைஸ்டோ. மலைக் குகைகளில் இருக்கும் வௌவால்களைப் பார்ப்பதற்காக அத்தனை கடல் தாண்டி வந்திருந்தான். பனைமர உயரம். வீட்டுக்குள் நுழையும்போதே நிலையில் தலையை இடித்துக்கொண்டான். புத்தகத்தில் போட்டிருந்தபடி கடிகாரத்தைக் கையில் கட்டாமல் காலுறைக்குள் வைத்திருந்தான். அவன் பேசிய போர்த்துக்கீசு இலக்கண வாத்தியார்கள்கூடப் பேசாதது.

“அம்மையீர், குகை இங்கிருந்து எவ்வளவு தொலைவு?”

“இதோ, அங்கதான். அந்த மேட்டுக்குப் பின்னால.”

அந்த ஊரில் ‘இதோ, அங்கதான்’ என்றால் சாப்பாடு கட்டிக்கொண்டு போ என்று அர்த்தம். அவன் தண்ணீர்கூட எடுக்காமல் கிளம்பி, சாயங்காலம் ஒரு பால் லாரியின் பின்னால் தொற்றிக்கொண்டு திரும்பி வந்தான். அதற்குக்கூட அவன் யாரையும் குறை சொல்லவில்லை. நல்ல பிள்ளை. அதுதான் கஷ்டமே.

கேட்டருகே அவனைப் பார்த்த இவோனில்டி, “ஒருநாள் நம்ம வீட்டுப் பக்கம் வாங்க” என்று சொல்லிவைத்தாள். எல்லாரும் சொல்வதுதான். மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக, கையில் ஒரு முழுப் பாலாடைக்கட்டியோடு அவள் வாசலில் நின்றான். அவள் தலை முழுக்கச் சுருள் கிளிப்பு. அவள் புருஷன் உள்ளாடையோடு பல் தேய்த்துக்கொண்டிருந்தவன், பின்கட்டுக்கு ஓடியவன் ஓடியவன்தான்.

காபி குடித்து முடித்ததும் டைஸ்டோ எழுந்தான். “நான் புறப்படுகிறேன்.”

“அதுக்குள்ளயா? நேரமிருக்கே, இருங்க” என்றாள் இவோனில்டி.

அவன் குனிந்து காலுறையிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்த்தான். “உண்மைதான். நேரமிருக்கிறது. மிக்க நன்றி” என்று உட்கார்ந்தான். பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்தான்.

மத்தியானமும் அதே கதை. சாயங்காலமும் அதே கதை. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். இவோனில்டி ஒரே நாளில் மூன்று நாளையும் பார்த்துவிட்டாள். அவன் போனதும் சுருள் கிளிப்போடேயே ஒஸ்மரீனா வீட்டுக்கு வந்து குதித்தாள்.

“உன் ஆளுக்குக் கொஞ்சம் சொல்லிக்குடுடி! வீட்டுல அரிசி காலி, என் புருஷன் நாள் முழுக்கக் கோழிக்கூண்டுக்குப் பின்னால நின்னிருக்கான்!”

“நீ ஏன்டி இருங்கன்னு சொன்னே?”

“சொல்லாம எப்படிடி இருக்கமுடியும்? என்னை என்ன, வளர்ப்பு சரியில்லாதவன்னு நெனச்சியா?”

ஆகவே அன்றைக்கு ஒஸ்மரீனா அவனை உட்காரவைத்துப் பாடம் நடத்தினாள். “தம்பி, இங்க பாருங்க. வாங்கன்னு சொன்னா வரணும்னு இல்ல. கிளம்பறேன்னா உடனே கிளம்பவும் கூடாது. இருங்கன்னு சொன்னா இருக்கவும் கூடாது. இல்ல இல்ல, வேலை கிடக்குன்னு சொல்லிட்டு நடந்துடணும். அது ஒரு மரியாதை, அவ்வளவுதான். மனசுலேருந்து சொல்றது இல்ல.”

டைஸ்டோ முகம் சிவந்துபோயிற்று. பாவம், அவ்வளவு வெட்கம். பிறகு, “அம்மையீர், ஒரு ஐயம். விருந்தினர் உண்மையிலேயே தங்கவேண்டும் என்று ஒருவர் விரும்பினால், இங்கே அதை எப்படிச் சொல்வது?” என்று கேட்டான்.

ஒஸ்மரீனா காபிக் கோப்பைகளை எடுத்து அடுக்கத் தொடங்கினாள்.

“அது... தானாத் தெரிஞ்சிடும்.”

“எவ்வாறு?”

“அடுப்புல ஏதோ தீயுது” என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போனாள். அடுப்பில் ஒன்றுமே இல்லை. காலிச் சட்டி ஒன்றை எடுத்து அதன்மேல் வைத்தாள். இத்தனை வருஷம் அந்த ஊரில் வாழ்ந்தும், இத்தனை காபி வடித்தும், அந்தக் கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பெல்மீரோவும் டூபாவும் வந்தார்கள். கூடத்தில் டைஸ்டோவும் இருந்தான்.

“குகைக்குப் போகலையா தம்பி?”

“வௌவால்கள் இருட்டத் தொடங்கிய பின்னர்தான் புறப்படும். அதுவரை எனக்கு ஓய்வுதான்.”

வௌவாலுக்குக்கூடக் கிளம்பத் தெரிகிறது, உனக்குத் தெரியவில்லையே என்று மனதுக்குள் திட்டிக்கொண்டு அவனுக்கும் காபி ஊற்றினாள். பெல்மீரோ அன்று கம்ப்ரசரைப் பற்றிக்கூடச் சரியாகப் பேசவில்லை. “அண்ணன் நாளைக்குப் பதில் கேக்குறாரு” என்றார். கேக்கைக் கையில் வைத்து உதிர்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் எழுந்தார்.

“சரி, கிளம்பறேன்.”

“நேரமிருக்கே, இருங்க.”

“இல்ல இல்ல, வேலை கிடக்கு.” டூபா தோளுக்கு ஏறியது.

வாசற்படியில் இரண்டாவது தடவையும் ஆயிற்று. முறையாக விடைபெறுவதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம் என்று டைஸ்டோவும் பின்னாலேயே வந்தான், நிலையில் ஒரு இடி வாங்கிக்கொண்டு. கேட்டைத் திறந்துவிட்டு ஒஸ்மரீனா மூன்றாவது முறை, “இருங்களேன்” என்றாள். ‘நேரமிருக்கே’ என்பது இந்தத் தடவை வரவில்லை. பெல்மீரோ ஒரு காலைத் தெருவில் வைத்தவர் தயங்கினார்.

உதவி செய்யும் நேரம் வந்துவிட்டதென்று டைஸ்டோ முன்னால் வந்தான். “ஐயா, தாங்கள் தயங்கவேண்டாம். அம்மையார் எனக்கு விளக்கமாகச் சொல்லியிருக்கிறார். இது வெறும் மரியாதைச் சொல். அவர் மனதாரச் சொல்லவில்லை. தாங்கள் கவலையின்றிப் போகலாம்.”

பெல்மீரோ முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. “தெரியும் தம்பி. பொறந்ததுலேருந்து தெரியும்” என்று சொல்லிவிட்டு, அடுத்த காலையும் எடுத்தார்.

“வாயை மூடுடா வௌவாலு!” என்று கத்தினாள் ஒஸ்மரீனா. பஸ் நிலையத்தில் வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “நான் மனசாரத்தான் சொன்னேன்!”

பெல்மீரோ அப்படியே நின்றார். “எதை?”

“இருங்கன்னு சொன்னதை.”

“இன்னைக்கா?”

“எல்லா ஞாயித்துக்கிழமையும். கேஸ்காரன்கிட்ட சொல்றது வேற, உங்ககிட்ட சொல்றது வேற. காபிக்காகவும் இல்ல, கேக்குக்காகவும் இல்ல. அந்தக் கம்ப்ரசர் சத்தியமா எனக்கு ஒண்ணும் புரியல. சும்மா இருங்க. கொயானியாவுக்குப் போகாதீங்க.”

சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை, கேட்டின் துருவைச் சுரண்டினாள்.

பெல்மீரோ திரும்பினார். மனிதர் திரும்பினாரே ஒழிய டூபா திரும்பவில்லை. கேட்டுக்கும் சுவருக்கும் நடுவில் அதன் வாய் வசமாகச் சிக்கிக்கொண்டது. வெளியே போகும்போது ஒருநாளும் சிக்காத சனியன். டைஸ்டோ உள்ளிருந்து இழுத்தான், பெல்மீரோ வெளியிலிருந்து தள்ளினார், பஸ்ஸுக்கு நின்றவர்களில் ஒருவர் வந்து கேட்டைத் தூக்கிப் பிடித்தார். ஒருவழியாக எல்லோரும் கூடத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

ஒஸ்மரீனா டூபாவை வாங்கித் தரையில் வைத்தாள். பெல்மீரோ முதன்முறையாக நல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். ஆனால் அடுத்து என்ன? போகாமல் இருந்துவிட்ட விருந்தாளியிடம் பேசுவதற்கு அந்த ஊரில் வார்த்தையே கிடையாது.

“எனக்கு ஒண்ணும் பேசத் தோணலையே” என்றார் அவர்.

“பேசாட்டி என்ன.”

“அண்ணன்கிட்ட என்னன்னு சொல்றது?”

“இல்ல இல்ல, இங்க வேலை கிடக்குன்னு சொல்லுங்க.”

டைஸ்டோ எழுந்தான். “நான் புறப்படுகிறேன்.”

“அதுக்குள்ளயா? நேரமிருக்கே, இருங்க” என்றது ஒஸ்மரீனாவின் வாய். சொன்ன கணமே அதை அவள் கையால் பொத்திக்கொண்டாள். பெல்மீரோ கண்ணை மூடிக்கொண்டார். டைஸ்டோவின் கை காலுறைப் பக்கம் போயிற்று. பாதியில் நின்றது.

“இல்ல இல்ல, வேலை கிடக்கு” என்றான், அசல் ஊர்க்காரன் குரலில். நிலைக்கு நன்றாகக் குனிந்து, இடித்துக்கொள்ளாமல் வெளியே போனான்.

மறுநாள் காலையில் முட்டை கடன் கேட்கும் சாக்கில் இவோனில்டி வந்தாள். கூடத்தில் டூபா நேற்று வைத்த இடத்திலேயே தரையில் இருந்தது. அடுக்களையில் யாரோ ஃபிரிட்ஜைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது.

“என்னடி, ஃபிரிட்ஜ் ரிப்பேரா?”

“இல்லையே, நல்லாத்தான் ஓடுது.”

இவோனில்டிக்கு உள்ளே போய்ப் பார்த்தே ஆகவேண்டும். அதற்கு ஒரே வழிதான் அவளுக்குத் தெரியும். முந்தானை இல்லாத குறைக்குப் பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டு மெல்ல, “சரி, நான் கிளம்பறேன்” என்று சொல்லிவிட்டு, வழக்கமான பதிலுக்காக நின்றாள்.

“சரி, போயிட்டு வா” என்றாள் ஒஸ்மரீனா.