உறவுமுறை: மச்சான்

இன்று காலை, நான் எழுதிக் கொடுத்த படிவம் ஒன்று சிவப்பு மை வெட்டோடு என்னிடமே திரும்பி வந்தது.

மூதூரிலிருந்து அகதியாக வந்து கல்முனையில் நான் படிப்பிக்கும் பாடசாலையில் தங்கியிருக்கும் ரஹ்மாவின் படிவம் அது. ஓடி வந்த அவசரத்தில் அவளுடைய கணவர் வேறொரு முகாமுக்குப் போய்விட்டார். வழியெல்லாம் இராணுவச் சோதனை. பயண அனுமதிப் பாஸ் கிடைத்தால்தான் அவர் கல்முனைக்கு வரலாம்.

படிவம் நிரப்பும்போது, "அவர் உங்களுக்கு என்ன முறை?" என்று கேட்டிருந்தேன். "மச்சான்" என்றாள். நானும் என் கணவரை அப்படித்தான் கூப்பிடுகிறேன். கை தயங்காமல் எழுதிவிட்டது.

ரஹ்மாவையும் கூட்டிக்கொண்டு பாஸ் கொடுக்கும் அரசாங்கக் கந்தோருக்குப் போனேன்.

"மச்சானுக்கெல்லாம் பாஸ் இல்ல டீச்சர். புருஷன், பொஞ்சாதி, புள்ளைகளுக்குத்தான்," என்றார் கிளாக்கர்.

"புருஷனத்தான் எங்கட ஆக்கள் மச்சான் எண்டு சொல்ற," என்றேன்.

"அப்ப விவாகப் பதிவக் கொண்டு வாங்க."

"அது அவர்ட பைக்குள்ள இரிக்கி," என்றாள் ரஹ்மா.

"அப்ப அவரக் கொண்டு வரச் சொல்லுங்க."

"அவர் வாறதுக்குத்தானே பாஸ் கேக்குறம்!"

கிளாக்கர் படிவத்தை மடித்து என் பக்கம் தள்ளினார்.

வெளியே வந்ததும் ரஹ்மா கேட்டாள்: "மச்சான் எண்டு சொன்னது பிழையா டீச்சர்?"

மடித்த படிவத்தை விரித்து, அந்தச் சிவப்பு வெட்டை மறுபடியும் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து "மச்சான்" என்று கூப்பிட்டேன். "ஓம்" என்றபடி அவர் உடனே வந்து நின்றார். எங்கள் விவாகப் பதிவை இரண்டு பேருமாக மஃரிப் தொழுகை நேரம் வரை தேடினோம். கிடைக்கவில்லை.

உங்களுடையது எங்கே இருக்கிறதென்று தெரியுமா? தெரியாவிட்டால், கந்தோர்க் கணக்கில் உங்கள் வீட்டிலும் யாரோ ஒரு மச்சான்தான் இருக்கிறார்.