மல்லாட்டைத் தோலுல விழுந்த தாலி

அப்ப உன் மருமவ ஊட்லயே படுத்துக்கினு இருக்கா, சம்பளம் மட்டும் வந்துடுதுன்ற? புள்ள பெத்ததுக்கு லீவா! நல்லா இருக்கட்டும்மா. ஆனா திரும்பிப் போனா வேலைக்கு எடுத்துக்குவாங்களான்னு கேட்டு வச்சியா? சிரிக்காத. இந்த மாதிரி நல்ல சட்டத்தைக் கேட்டாலே எனக்கு பயம்தான் வரும். ஏன்னு சொல்றேன், உக்காரு. களிக்கு உலையில போட்ட நொய் வேவட்டும்.

வெள்ளைக்காரன் காலம் அது. திண்டிவனத்துல ரயில் டேசனுக்குப் பின்னால குடியிருந்தோம். எங்க ஊட்டுக்காரரு கூட்ஸ் வண்டிக்கு மூட்டை ஏத்தறவரு. நான் மல்லாட்டை மில்லுல, அதான் வேர்க்கடலை ஒடைக்கற மில்லுல, கல்லு, சொத்தை பொறுக்கினு இருந்தேன். அந்த மில்லு வாசனை தலை முழுகினாலும் போவாது, தெருப் பூனைங்க எல்லாம் என் பின்னாலயே வரும்! சரி, அதை உடு.

ஒரு நாள் மேஸ்திரி எங்களை வரிசையா நிக்க வச்சான். "சர்க்கார் சட்டம் போட்டிருக்குது. இருட்டினப்புறம் பொம்பளைங்களை வேலை வாங்கக் கூடாதாம். புள்ள பெத்தா ஊட்ல உக்கார வச்சு கூலியும் குடுக்கணுமாம்"னான். நாங்க ஒருத்தி மூஞ்சை ஒருத்தி பாத்து சிரிச்சோம். அவனும் சிரிச்சான். அவன் சிரிச்சதுதான் எனக்குப் புடிக்கல.

மறு வாரம் கேட்டுல நின்னுக்கினு எங்க கழுத்தைப் பாத்தான். "புள்ள பெத்துக்காதவளா பாத்து எடுக்கச் சொல்லிட்டாரு முதலாளி. தாலி அறுத்தவ மட்டும் உள்ள போ. மத்தவளுங்க ஊட்டுக்குப் போங்க." விழுப்புரத்து மில்லுலயும் இதே கூத்துன்னு ரயில்ல வந்தவங்க சொன்னாங்க.

அந்த நேரம் பாத்து எங்க ஊட்டுக்காரரு கால்ல மூட்டை விழுந்து எலும்பு போச்சு. கட்டு போட்டுக்கினு படுத்துட்டாரு. கேப்பை மாவு பானை அடியில ஒட்டிக்கினு இருக்குது. எனக்கோ நாள் தள்ளிப்போயிருந்துச்சு.

இவருதான் சொன்னாரு. "இன்னாடி யோசனை? மூட்டை விழுந்து செத்துப்போய்ட்டான்னு சொல்லிட்டுப் போ. படுத்துத்தானே கெடக்கறேன்."

"வாயைக் கழுவுங்க"ன்னேன். ஆனா போனேன்.

ரயில்வே கேட்டாண்ட ஒரு புளியமரம். அதுங்கிட்ட ஒதுங்கி, பொட்டை அழிச்சு, தாலியைக் கழட்டி முந்தானையில முடிஞ்சேன். திரும்பிப் பாத்தா எனக்குப் பின்னால நாலஞ்சு பேரு அதையேதான் பண்ணிக்கினு இருக்காளுங்க! அன்னிக்கு விழுந்து விழுந்து சிரிச்சோம். மேஸ்திரிக்கு சந்தேகமே வரல. ஏன்னா அந்த வருஷம் பேதி கண்டு சனம் நெஜமாவே செத்துக்கினு இருந்துச்சு.

அப்புறம் சிரிப்பு போச்சு. இவரு கால் வீங்கிச்சு. கட்டுக்குள்ள இருந்து ஒரு நாத்தம். காய்ச்சல் எறங்கவே இல்ல. மில்லு ஆளுங்க தெருவுல போனா பாத்துடுவாங்கன்னு கதவைச் சாத்தியே வச்சிருந்தேன். இவரு செவுத்தைப் பாத்துப் படுத்துக்கினு பேச்சையே நிறுத்திட்டாரு. நான் காலையில கெளம்பறப்ப தாலியைத் தொட்டாலே கண்ணை மூடிக்குவாரு. வாசல்ல ஒரு நாயி வந்து படுத்துக்கினு, தொரத்தினாலும் போவல.

எங்க கூட நெஜமாவே அறுத்த அக்கா ஒருத்தி இருந்தா. கெடார் பக்கம் அவளுக்கு ஊரு. நான் வாந்தி எடுத்ததைப் பாத்துட்டு காதுல சொன்னா: "எனக்குத் தெரியும்டி. நான் கழட்டினதைத் திரும்பக் கட்ட வழியில்ல. நீ எதுக்குடி தெனம் கழட்டி ஒத்திகை பாக்கற?"

அன்னிக்கு மத்தியானமே முந்தானையைத் தொட்டுப் பாத்தேன். முடிச்சு அவுந்து கெடக்குது. தாலி இல்ல.

எங்கன்னு தேடுவேன்? மலையாட்டம் மல்லாட்டைத் தோலு. அந்தாண்ட பாய்லருக்காரன் கூடை கூடையா அள்ளி நெருப்புல கொட்டிக்கினு இருக்கான். ஓடிப்போய் அவன் கூடையைப் புடிச்சிக்கினேன்.

"இன்னாடி தேடற?"ன்னான் மேஸ்திரி.

மோதிரம்னு சொல்லியிருக்கலாம். வாய்ல அது வரல. "என் தாலிங்க."

"அறுத்தவளுக்கு ஏதுடி தாலி?"

"அவரு உயிரோட இருக்காருங்க. நெருப்பை நிறுத்தச் சொல்லுங்க, மேஸ்திரி."

அந்த அக்காதான் மொறத்து நுனியால தோலை ஒதுக்கினா. மஞ்சக் கயிறு தெரிஞ்சிது. எடுக்கல அவ. கையைப் பின்னால கட்டிக்கினு, "நான் தொடக் கூடாது. நீயே எடு"ன்னா.

நான் எடுத்து அங்கயே கட்டிக்கினேன். நிமுந்து பாத்தா, சுத்தி நின்னவளுங்க அத்தினி பேரு கையும் தானா முந்தானை முடிச்சுக்குப் போயிருக்குது. மேஸ்திரியும் அதைத்தான் பாத்துக்கினு இருந்தான்.

ஊட்டுக்கு வந்தேன். இவரு திரும்பி என் கழுத்தைப் பாத்தாரு. "பொழைச்சிட்டேனாடி?"ன்னாரு. அன்னியில இருந்து காய்ச்சல் கொஞ்சம் கொஞ்சமா எறங்குச்சு. புள்ள பொறந்தப்ப எனக்கு லீவும் இல்ல, கூலியும் இல்ல. வேலையே இல்லியே!

மத்தவளுங்களா? மறுநாள் எட்டிப் பாத்தேன். புளியமரத்தடியில ஒருத்தியும் இல்ல. யாரு யாரு ஊட்ல அடுப்பு எரியலன்னு நான் கேக்கப் போவல. அதான் சொல்றேன், உன் மருமவளை ஆபீசுல ஒரு வார்த்தை... ஐயோ, உலை அடிப்புடிக்குதே! தோ வரேங்க! கேட்டியா, செத்தவரு களி கேக்கறாரு. நகரு, களி கிண்டற துடுப்பை எடுக்கணும்.