உப்புக்குப் போகாத வழுவழுப்பு

கஸ்பர் என் அப்பா. மன்னாரில் பிறந்து, பாரிசில் கோப்பை கழுவி, லண்டன் அப்டன் பார்க்கில் மீன்கடை போட்டவர். தவக்காலத்தில் இறைச்சியை விடுவார், விஸ்கியை விடுவார். எங்களை ஏசுவதை மட்டும் விடமாட்டார்.

இந்த வருடத் தவக்காலத்தில் அவர் நல்லாய் மெலிந்தார். கோவிலில் எல்லாருக்கும் புளுகம், பெருமை. "கஸ்பரண்ணை, இதல்லோ ஒறுத்தல்," என்றார் பாடகர் குழு அருள்நேசன் மாமா. அப்பா பெல்ட்டில் புது ஓட்டை போட்டு, அதைப் பதக்கம் மாதிரிக் காட்டித் திரிந்தார்.

உயிர்த்த ஞாயிறு ஆட்டிறைச்சிக் கறி. இரண்டு வாயோடு எழும்பிவிட்டார். பிறகு கண் மஞ்சளாகித்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கணையத்தில் புற்றுநோய். மருந்தேற்றிக் கட்டி சுருங்கினால் வெட்டி எடுக்கலாம், இல்லாவிட்டால் ஏலாது என்றார்கள்.

டொக்டர் ஒரு பொம்பிளை; அவ சொல்வதை அப்பாவுக்கு மொழிபெயர்ப்பது என் வேலை. சயன்சில் நான் எடுத்த மார்க் தெரிந்திருந்தால் டொக்டர் வேறு ஆளைக் கூப்பிட்டிருப்பா.

மியூசின் என்று ஒரு புரதமாம். குடலையும் கணையக் குழாயையும் உள்ளே வழுவழுப்பாகப் பூசிக் காக்கிற நல்ல சாமான். புற்றுநோய்க் கலங்கள் அதையே அளவுக்கு மிஞ்சிச் சுரந்து மேலே போர்த்துக்கொள்ளுமாம். உடம்பின் காவல்காரருக்கு ஆள் பிடிபடாது. மருந்தும் உள்ளே போகக் கஷ்டப்படும்.

"விலாங்கு மாதிரி," என்றார் அப்பா. "அதுக்கு உப்புப் போட்டு உரஞ்சினால் போகும். இதுக்கு ஒண்டும் இல்லையோ எண்டு கேள் பிள்ளை."

கேட்டேன். டொக்டர் சிரிக்கவில்லை. ஆராய்ச்சிக்காரர் தேடிக்கொண்டிருக்கிறார்கள், அப்பாவுக்குத் தரக்கூடியதாக இன்னும் ஒன்றும் இல்லை என்றா.

"உப்பு ஓடர் பண்ணியிருக்கினமாம் அப்பா. வந்து சேரேல்லையாம்."

"அப்ப வரட்டும்."

மருந்தெல்லாம் முடிய ஸ்கான் எடுத்தார்கள். கட்டி சுருங்கவில்லை. வெட்டேலாது. எனக்குப் பகிடி ஒன்றும் வாயில் வரவில்லை, அப்படியே சொன்னேன்.

"உப்பு வரேல்லைப் போல," என்றார் அப்பா.

அம்மா மறித்தும் கேட்காமல் நேரே கடைக்குப் போனார். ஒரு விலாங்கை எடுத்து உப்பைப் போட்டார். வாலைப் பிடிப்பது நான். வழக்கமாக அவர் உரஞ்சும் நேரம் பார்த்துக் கையை விடுவேன். விலாங்கு வழுக்கிப்போய் யாரோ கஸ்டமரின் காலடியில் விழும். அப்பா என்னைத் துரத்துவார்.

"இண்டைக்கு விடேல்லையோ?" என்று கேட்டார்.

நான் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி நின்றேன். விலாங்கு அவருடைய கையிலிருந்து வழுக்கி, என் பிடியையும் உருவிக்கொண்டு நிலத்தில் விழுந்தது.

"நான் இல்லை," என்றேன்.

"தெரியும்," என்றார் அப்பா.