மேற்கே பார்த்து உட்கார்ந்தவர்

என் கணவர் குற்றாலலிங்கம் கடலில் சாகவில்லை. மூச்சை அடக்கிப் பாறை இடுக்குகளுக்குள் வருடக்கணக்காகக் கைவிட்டவர், மஞ்சள் காமாலை வந்து வீட்டுக் கட்டிலில் போனார். துக்கம் கேட்க வந்தவர்களில் பலர், "கடல்ல வச்சா?" என்றுதான் முதலில் கேட்டார்கள். இல்லை என்றதும் அவர்களுக்கு ஏதோ குறைந்ததுபோல் இருந்தது.

அவர் போனக்காடு எஸ்டேட் லயத்தில் பிறந்தவர். தேயிலைக் கொழுந்து பறிக்கத் தென்காசிப் பக்கமிருந்து மலையேறிய குடும்பம். இருபது வயதுவரை அவர் பார்த்த பெரிய தண்ணீர் பேப்பாறை அணைதான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஹோட்டலில் பாத்திரம் கழுவக் கோவளம் வந்தார். வெளிநாட்டுக்காரர்களைக் கடலுக்கடியில் கூட்டிப்போய்க் காட்டும் விஜய்குமார், சிலிண்டர் தூக்க ஆள் வேண்டுமென்று இவரை எடுத்துக்கொண்டார். நீந்தப் பழகியது அங்கேதான். பிறகு சிலிண்டர் இல்லாமலே முங்கவும், ரப்பர் கட்டிய கம்பியால் மீனைக் குத்தவும் பழகினார். மலையிலிருந்து வந்து கடலில் முங்குகிறவனுக்குப் பக்கத்து மீனவர் ஊரான விழிஞ்ஞத்தில் வைத்த பெயர் 'தேயிலை'.

கரையிலிருந்து வள்ளத்தில் ஒரு மணி நேரம் போனால் கடலுக்குள் ஒரு பாறை. அப்படிப்பட்ட இடத்துக்குப் 'பார்' என்று பெயர். சுற்றிலும் நல்ல ஆழம். பாறையின் தலை மட்டும் ஏழெட்டுப் பாகத்தில், மூச்சடக்கி எட்டுகிற ஆழத்தில். அங்கே தூண்டில் போட்டுக் களவா மீன் பிடித்துவந்தவர் விழிஞ்ஞத்து யோசுவா அண்ணன். பாருக்கு மேலே எந்த அடையாளமும் கிடையாது. கரையில் தெரியும் ஒரு மலையுச்சி ஒரு பள்ளிக் கோபுரத்துக்கு, அதாவது சர்ச் கோபுரத்துக்கு, நேராக வரவேண்டும். இன்னொரு பக்கம் வேறு இரண்டு நேராக வரவேண்டும். இதற்குக் கணிச்சம் என்று பெயர். அப்பன் மகனுக்குச் சொல்வான். மருமகனுக்குக்கூடச் சொல்ல மாட்டான்.

அந்த வருடங்களில் பாரில் ஒரு மீன் பெருகிவிட்டது. சிவப்பு வரி போட்டு, துடுப்புகளை விசிறிபோல் விரித்து, யார் வந்தாலும் நகராமல் நிற்கும். முதுகு முள்ளெல்லாம் விஷம். யோசுவா அண்ணனின் தம்பி சஜி தூண்டிலில் வந்ததைக் கழற்றப்போய், அவன் விரல் ஒன்று மடங்கியது மடங்கியபடியே நின்றுவிட்டது. களவாக் குஞ்சை அதுதான் தின்று தீர்க்கிறது, எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டது என்று எல்லோரும் நம்பினார்கள். அதனால் அதற்கு வரத்தன் மீன் என்று பெயர். பிழைக்க வந்த அந்நியனைத்தான் இங்கே வரத்தன் என்பது. முள்ளுக்குள் இறங்கி அதைக் குத்த ஆளில்லாமல், யோசுவா அண்ணன் இவரைக் கேட்டார். களவாவும் குத்திக்கொள்ளலாம் என்றார்.

"குத்துறது வரத்தன், சாவுறதும் வரத்தன். நமக்கென்ன நட்டம்" என்றான் சஜி.

ஒரே ஒரு நிபந்தனை இருந்தது. வள்ளத்தில் இவர் மேற்கே பார்த்துத்தான் உட்கார வேண்டும்.

"கெழக்க திரும்பப்பிடாது, கேட்டியா டேய் தேயிலை. கரையப் பாத்தா அன்னிக்கோட சரி" என்றார் யோசுவா அண்ணன்.

"கடலையே பாத்துட்டு வாறேண்ணே."

போகும்போதும் வரும்போதும் அப்படியே உட்கார்ந்தார். திரும்பி வருகிற வழியிலும் கரைக்கு முதுகைக் காட்டி வருபவர் அவர் ஒருவர்தான். மீன் வாங்க நிற்கும் பெண்கள், "புது மணவாட்டிக்கு நாணம் மாறலியோ" என்று சிரிப்பார்கள். ஒருநாள் உள்ளங்கையில் முள் ஏறிச் சுருண்டபோது, சஜிதான் பிளாஸ்கிலிருந்த கொதிக்கிற கட்டன்சாயாவை ஒரு சட்டியில் ஊற்றி அவர் கையை அதில் அமுக்கினான். சூட்டில்தான் அந்த விஷம் இறங்கும். "தேயிலைக்கு மருந்தும் தேயிலையாக்கும்" என்றானாம். வலியோடு சிரித்ததைச் சொல்லும்போதும் சிரித்தார். அந்த வள்ளத்தில் தனக்கு ஒரு இடம் வேண்டும் என்பது அவருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஆனால் பார் எங்கே இருக்கிறது என்பது அவருக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது.

வள்ளத்தில் மேற்கே பார்க்க வைத்தவர்களுக்கு, தண்ணீரிலிருந்து தலையைத் தூக்குகிறவன் எந்தப் பக்கம் பார்ப்பான் என்று தோன்றவில்லை. மூச்சு முட்டி மேலே வந்து கண்ணைத் திறந்தால், எதிரே அகத்தியர் மலை. மழை கழுவிய காலை. "எங்க லயத்து அடுக்களை ஜன்னல்ல நிக்கிற மலை. அதுக்குக் கீழ பள்ளிக் கோபுரம், நூல் பிடிச்ச மாதிரி. நா என்ன செய்யட்டும்?" என்று கேட்டார். இன்னொரு பக்கம் மற்ற இரண்டு அடையாளமும் தேடாமலே நேராக நின்றனவாம். அடுத்த முறையிலிருந்து மேலே வரும்போது கண்ணை மூடிக்கொண்டு வந்தார். பார்த்ததைப் பார்க்காமலாக்க அதனால் முடியுமா?

நான் படித்தது விலங்கியல். அந்த மீன் எங்கிருந்தும் வந்ததில்லை, ஆதியிலிருந்தே இந்தக் கடலின் மீன், அயல்நாட்டுக் கடலில்தான் அது வரத்தன் என்று ஒருநாள் சொன்னேன். "யோசுவா அண்ணன்ட்ட சொல்லிராத" என்றார். அதன்பின் களவா இருக்கும் பொந்துகளில் நின்றதை மட்டும் குத்தினார், மற்றவற்றை விட்டுவிட்டார். அவர் குத்திக் கொண்டுவருவது குறைந்ததும், மீனே குறைந்துவிட்டது என்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள்.

விஜய்குமாருக்கு அந்தப் பார்மேல் ஆசை வந்தது. வெளிநாட்டுக்காரர்களை அங்கே இறக்கினால் கோவளத்தில் அவருக்கு நிகர் கிடையாது. இவரைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"இடம் மட்டும் காட்டு லிங்கம். படகுக்கு நீதான் பொறுப்பு."

"எனக்குத் தெரியாது சார். நா மேற்க பாத்துல்லா இருப்பேன்."

"இத்தனை வருஷமாப் போற. யாரு நம்புவா?"

"நம்பாட்டா வேண்டாம் சார்."

அடுத்த வாரம் சிலிண்டர் தூக்க வேறு ஆள் வந்துவிட்டான். வீட்டில் அவர் சொன்னது, "அந்த வேலை போயிட்டு" என்பது மட்டும்தான். பாரை அறிந்தவன் என்று ஒருவர் வாயில் விழுந்துவிட்டால் வள்ளத்தில் ஏற முடியாதே என்ற பயம் அவரைச் சில நாள் தூங்கவிடவில்லை.

இடம் காட்ட மறுத்து வேலையை இழந்த செய்தி யோசுவா அண்ணன் காதுக்குப் போயிருக்கிறது. அடுத்த தடவை பாதிக் கடல் தாண்டியதும் எஞ்சினைத் தணித்துவிட்டு, "டேய், திரும்பி இரி" என்றாராம். இவர் அசையவில்லை. சஜி தோளைப் பிடித்துத் திருப்பி உட்காரவைத்தான்.

யோசுவா அண்ணன் கையை நீட்டினார். "அன்னா, முதுகு வளஞ்சு நிக்குதே, அவன் கூனன். எங்க அப்பன் வச்ச பேரு. கூனன் பள்ளிக்குமேல ஏறி இருக்கணும். இப்பம் எங்க நிக்குதான்?"

தான் பிறந்த மலையைப் பார்த்துக்கொண்டு இவர் கேட்டாராம்: "கூனனா? எதுண்ணே?"

"கண்ணு தெரியாதா டேய்? அந்தா."

"ஆமாண்ணே. இப்பம் தெரியுது."

அன்று வீட்டுக்கு வந்தவர் சோறு வேண்டாம் என்றார். ஏன் என்று கேட்டதற்கு, "காட்டித் தந்துட்டாரு" என்றார். திரும்பத் திரும்ப அதையே சொன்னார்.

இப்போது எல்லா வள்ளத்திலும் ஜி.பி.எஸ். வந்துவிட்டது. கூனனை யாரும் பார்ப்பதில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் யோசுவா அண்ணன் வந்தார். அன்று அவர் கடலுக்குப் போகவில்லை. நாற்காலி போட்டும் உட்காராமல் வாசலில் நின்றார்.

"மோளே, பெற்ற பிள்ளைக்கும் காட்டல்ல. அவனுக்குத்தான் பாரைக் காட்டிக் கொடுத்தேன். அதுவர அவனுக்கு ஒண்ணும் தெரியாது. ஒருக்கல்கூட திரும்பிப் பாத்ததில்ல."

அவர் கண் என் முகத்தில் நின்றது. ஏதோ பதிலுக்குக் காத்திருப்பதுபோல் இருந்தது.

"ஆமாண்ணே" என்றேன். "நீங்க காட்டின அன்னிக்குத்தான் அவுங்களுக்குத் தெரியும்."

யோசுவா அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்.