இரண்டு கட்டிகளோடு கல்கத்தாவுக்கு

காசிக்குப் போகிற வழியில் கல்கத்தாவைப் பார்த்தவர்கள் நிறைய எழுதிவிட்டார்கள். நான் போன மார்கழியில் போனது வைத்தியத்துக்கு. என் அக்காவின் கணவருக்கு, அதாவது அத்திம்பேருக்கு, காதுக்குக் கீழே ஒரு கட்டி, கெண்டைக்காலில் ஒரு கட்டி. இரண்டும் புற்று. மேலே வந்தது கீழே பரவிவிட்டது, இனிக் கத்தி வைத்துப் பயனில்லை என்று ஊர் டாக்டர் கைவிரித்துவிட்டார். அக்கா விடவில்லை. "கல்கத்தாவுக்கு அழைச்சுண்டு போடா" என்றாள். அவளிடம் மறுத்துப் பேசி நான் ஜெயித்ததே கிடையாது.

சென்னையில் மெயில் ஏறினால் இரண்டு ராத்திரி ரயிலில்தான். புளியோதரை கட்டிக்கொள்ளுங்கள், தயிர்சாதம் அவ்வளவு தூரம் தாங்காது. சாந்த்ராகாச்சி வந்ததும் மூட்டையைக் கட்டிவிடலாம், ஹௌரா பக்கம்தான். அங்கே ஆற்றில் மிதக்கும் பாலத்தைக் கப்பல் போகத் திறந்து வைத்திருந்தார்கள். "ஏக்டு தாடான், பாபு" என்று எங்களைப் பொறுக்கச் சொல்லிவிட்டு, வண்டிக்காரன் குதிரைக்குப் புல் போட்டான். ஒரு மணி நேரம் போயிற்று. அலிப்பூருக்கு இரண்டு ரூபாய் கேட்பான், ஒன்றுக்கு வருவான்.

அலிப்பூரில் சர்க்கார் உத்தியோகம் பார்க்கும் என் சித்தப்பா பிள்ளை, ஒரு வங்காளி டாக்டரிடம் அழைத்துப் போனான். அவர் இரண்டு கட்டியிலும் துளி சதை எடுத்து, மைக்ராஸ்கோப் என்கிற பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டுக் கூப்பிட்டனுப்பினார்.

"இது பரவியதல்ல. இரண்டும் வேறு வேறு புற்று. தனித்தனியாகவே அபூர்வம். ஒரே ஆளிடம் சேர்ந்து நான் பார்த்ததில்லை" என்றார் இங்கிலீஷில்.

அத்திம்பேர் முகத்தில் ஈயாடவில்லை. "ஒண்ணுக்கே வழியில்லைன்னார் நம்மூர் டாக்டர். இப்போ ரெண்டாடா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

டாக்டர் சிரித்தார். "மோஷாய், ஐயா, பரவியிருந்தால்தான் பயம். இவை இரண்டும் முளைத்த இடத்திலேயே இருக்கின்றன. இரண்டையும் எடுத்துவிடலாம்."

தந்தி ஆபீசுக்கு ஓடினேன். சொல்லுக்குச் சொல் காசாயிற்றே! "இரண்டு புற்று. மிகவும் நல்லது" என்று அக்காவுக்கு அடித்தேன். மறுநாளே பதில்: "உனக்குப் பைத்தியமா?"

குளோரோபாரம் கொடுத்து முதலில் காதடி, புண் ஆறியதும் கால். தை முடிவதற்குள் அத்திம்பேர் கைத்தடியோடு டிராம் ஏறி, அந்த ஊர்க் காப்பியைத் திட்ட ஆரம்பித்துவிட்டார். பிழைத்துவிட்டார் என்று எனக்கு அப்போதுதான் நம்பிக்கை வந்தது.

நோயாளியோடு போகிறவர்கள் கம்பளியும் காப்பிப்பொடியும் மறக்க வேண்டாம். ஒரு டாக்டர் சொன்னதோடு நிற்க வேண்டாம். தந்தியில் சிக்கனம் வேண்டவே வேண்டாம்.

ஊர் ஸ்டேஷனில் அக்கா என்னைத் தள்ளிவிட்டு அத்திம்பேரிடம் போனாள். அத்தனை பேர் பார்க்க, அவர் காதடித் தழும்பைத் தொட்டாள். குனிந்து கால் தழும்பையும் தொட்டாள்.

"ரெண்டுதானே?"

"ரெண்டேதான்" என்றார் அத்திம்பேர். அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள்.