இளநீர் கொடுத்தவன் எழுதுவது

என் மனைவி செல்வி போனில் குழறியபோது நான் சிக்னலைத் திட்டினேன். கீரமங்கலத்தில் பூ ஏற்றிக்கொண்டு என் குட்டியானையில் (சின்ன சரக்கு வண்டி) போய்க்கொண்டிருந்தேன். “லைன் சரியில்ல, வையி” என்று சொல்லிவிட்டு கட் செய்தேன். லைன் சரியாகத்தான் இருந்தது. அவள் வாய்தான் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிட்டுச் சொன்ன பிறகே எனக்கு உறைத்தது.

உங்கள் வீட்டில் யாருக்காவது பக்கவாதம் வந்திருந்தால் இது உங்களுக்கு. ஆறுதல் சொல்ல எனக்கு வராது. நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்கிறேன். நீங்கள் அதைச் செய்யாதீர்கள்.

மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் ஒன்று அடைத்துக்கொண்டது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. நான் கையைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தேன். டாக்டர் நிறுத்தினார்.

“கை கால் அப்புறம். இப்ப தொண்டைதான் பயம். விழுங்குற தசையும் அடிபட்டிருக்கு.”

மூக்குக் குழாய் (மூக்கு வழியாக இரைப்பை வரை போகும் மெல்லிய குழாய்) போட்டார்கள். சில வாரங்களில் விழுங்க வந்துவிட்டால் அதை எடுத்துவிடலாம், வராவிட்டால் வயிற்றில் துளை போட்டு அதன் வழியாகத்தான் ஆகாரம் என்றார். செல்விக்குப் பேச்சுதான் போயிருந்தது, காது போகவில்லை. எல்லாவற்றையும் கேட்டாள். அவள் இடது கை என் சட்டையைப் பிடித்துக்கொண்டது.

கட்டிலில் ஓர் அட்டை தொங்கியது: வாய்வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது. சோறு கொடுக்கக் கூடாது என்று நான் புரிந்துகொண்டேன்.

இரவில் என் அக்கா பார்த்துக்கொண்டாள், பகலில் நான். பார்க்க வந்தவர்கள் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வைத்துவிட்டுப் போனார்கள். குழாயோடு கிடக்கிறவளுக்கு ஆப்பிள். ஒருவராவது ஒரு மணி நேரம் உட்கார்ந்து அவளைத் திருப்பிப் படுக்க வைக்க உதவினார்களா என்றால் இல்லை. பட்டியல் போட்டுத் திட்ட ஆசைதான். ஆனால் அவர்களைவிட மோசமான காரியத்தை நான் செய்தேன்.

மூன்றாம் நாள் மதியம் அவள் உதட்டைத் தொட்டுக் காட்டினாள். உதடு காய்ந்து தோல் உரிந்திருந்தது. எங்கள் ஊர்ப் பக்கம் தென்னந்தோப்பு இல்லாத வீடு குறைவு. காய்ச்சலா இளநீர், வயிற்றுப்போக்கா இளநீர், சும்மா வந்தவருக்கும் இளநீர். அது யாரையும் ஒன்றும் செய்யாது என்று நம்பித்தான் வளர்ந்திருக்கிறோம். காலையில் தோப்பில் வெட்டிப் பாட்டிலில் கொண்டுவந்திருந்தேன். நர்ஸ் அடுத்த வார்டுக்குப் போகும்வரை காத்திருந்து, டம்ளரில் ஊற்றி, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தேன். அரை டம்ளர் போனது. அவள் இருமவே இல்லை. பாருங்கள், நன்றாகத்தானே குடிக்கிறாள் என்று மனதுக்குள் டாக்டரை ஏளனம் செய்தேன்.

மறுநாள் காய்ச்சல். மூச்சு வாங்கியது. மூக்கில் ஆக்சிஜன் வைத்தார்கள். நான் வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். கத்தியது அங்கிருந்த நர்ஸ் ஷர்மிளாவிடம். கடற்கரைப் பக்கத்துப் பெண், முப்பது வயதுக்குள் இருக்கும்.

“நல்லா இருந்தவளுக்கு எப்புடிங்க காய்ச்சல் வரும்? ஒங்க குழாய்லதான் ஏதோ அழுக்கு.”

அவர் செல்வியின் தலைப்பக்கத்தை உயர்த்தி வைத்தார். பிறகு கேட்டார்.

“அண்ணே, வாய்ல ஏதாச்சும் குடுத்தீங்களா?”

“இல்ல.”

“தண்ணி?”

“இல்லைன்னா இல்ல.”

அவர் செல்வியைப் பார்த்தார். செல்வி இடது கையைத் தூக்கி என்னைக் காட்டினாள்.

கட்டிய மனைவியே காட்டிக்கொடுத்துவிட்டாள். அவள் செய்ததுதான் சரி.

“எளநிதாம்மா. அதுல என்ன இருக்கு?” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

“எவ்வளவு? எப்ப?”

சொன்னேன். அவர் திட்டவில்லை. முதலில் போய் டாக்டரிடம் சொல்லிவிட்டு வந்தார். இது புரையேறி வந்த நிமோனியா (வயிற்றுக்குப் போக வேண்டியது மூச்சுக்குழலில் இறங்கி நுரையீரலில் சளி கட்டுவது) என்று டாக்டர் மருந்தை மாற்றினார். அதன் பிறகு ஷர்மிளா என்னை இழுத்து உட்கார வைத்தார்.

“இங்கிட்டு உக்காருங்க. இருமலேன்னா உள்ள போகலேன்னு அர்த்தம் இல்லண்ணே. அக்காவுக்குத் தொண்டைல உணர்ச்சியே இப்ப மட்டு. தண்ணி மாதிரி இருக்குறதுதான் ரொம்ப ஆபத்து, விருட்டுன்னு ஓடிரும். கெட்டியா இருந்தாத்தான் தொண்டைக்கு சுதாரிக்க நேரம் கெடைக்கும்.”

“இதை மொதல்லயே வெளக்கமாச் சொல்லிருக்கலாம்ல?”

“சொன்னேன். நீங்க அப்ப போன்ல வண்டி வாடகை பேசிக்கிட்டு இருந்தீங்க.”

உண்மைதான். டாக்டர் பேசினால் கையைக் கட்டிக்கொண்டு கேட்பேன். நர்ஸ் பேசினால் ஊசி போடுகிற பெண் ஏதோ சொல்கிறாள் என்று காதில் வாங்கியதில்லை. நம்மில் பாதிப் பேர் இப்படித்தான். டாக்டர் கட்டிலருகே நிற்பது சில நிமிடம். மீதி நேரமெல்லாம் நோயாளியை உயிரோடு வைத்திருப்பது யார் என்று அதற்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

காய்ச்சல் இறங்க ஐந்து நாள் ஆனது. ஆக்சிஜனை எடுத்த அன்று ஷர்மிளா சொன்னார்: “இனி நீங்கதான் குழாய்ல ஊத்தப் போறீங்க.”

“நான் டிரைவருங்க.”

“குட்டியானைய ரிவர்ஸ்ல சந்துக்குள்ள விடுறீங்கல்ல? இது அதவிட லேசு.”

லேசு இல்லை. குழாயில் மூக்கருகே போட்ட அடையாளம் நகர்ந்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். நகர்ந்திருந்தால் ஒரு சொட்டும் ஊற்றக் கூடாது, நர்ஸைக் கூப்பிட வேண்டும். நோயாளியை நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும். கஞ்சியை அழுத்தித் தள்ளாமல் தானாக இறங்க விட வேண்டும். ஊற்றிய பிறகும் அரை மணி நேரத்துக்கு மேல் படுக்க விடக் கூடாது. வாயால் சாப்பிடாதவளுக்கு எதற்குப் பல் துலக்குவது என்று கேட்டேன். வாயில் இருக்கிற கிருமி எச்சிலோடு நுரையீரலுக்குப் போகும், அதனால்தான் இரண்டு வேளையும் துலக்க வேண்டும் என்றார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாக என் மனைவியின் வாய்க்குள் பார்த்தேன். ஒரு கடைவாய்ப்பல் சொத்தை. எத்தனை நாள் வலித்ததோ, என்னிடம் சொன்னதில்லை.

நான் செய்யும்போதெல்லாம் ஷர்மிளா பக்கத்தில் நின்று பார்த்தார். தவறு செய்தால் கையைத் தட்டினார். நீங்களும் வாயால் சொல்லக் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். நர்ஸ் முன்னால் நீங்கள் செய்து காட்டுங்கள்.

ஒரு மதியம் என்னிடம் கேட்டார்: “சாப்டீங்களா?”

“என் சாப்பாடு ஒங்களுக்கு எதுக்கு?”

“நீங்க விழுந்தா எனக்கு இன்னொரு கட்டில் கூடுதல் வேலை. போய்ச் சாப்ட்டு வாங்க.”

போனேன். இரண்டு நாளாகப் பன்னும் டீயுமாகவே இருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

குழாயோடு வீட்டுக்கு வந்தோம். ஷர்மிளா தன் ட்யூட்டி நேரத்தில் வார்டுக்குப் போன் செய்யச் சொல்லியிருந்தார். முதல் வாரம் தினமும் செய்தேன். அக்கா பகலில் வந்து உதவியதால் பாதி நாள் வண்டி ஓட்டினேன். டாக்டர் சொல்லிக் கொடுத்த பயிற்சியைச் செல்வி பிடிவாதமாகச் செய்தாள். நாடியை (முகவாயை) நெஞ்சோடு சேர்த்து எச்சிலை விழுங்க வேண்டும், பிறகு “ஆ” சொல்ல வேண்டும். குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தால் தொண்டையில் ஏதோ நிற்கிறது என்று அர்த்தம். நாள் முழுக்க வீட்டில் “ஆ”, “ஆ” என்று கேட்டது.

அந்த நேரத்தில் செல்வியின் அண்ணன் மனைவி ஒரு காதுகுத்து விருந்திலிருந்து பாயசத்தோடு வந்தார். “ஒரு வாய்தானே தம்பி, நாக்குல வக்கிறேன். பாவம், ஏங்கிப்போயி கெடக்கா.”

“ஒரு சொட்டுக்கூட வேணாம்.”

“நாங்க வெசமா குடுக்குறோம்?”

“நானும் அப்புடித்தான் கேட்டேன். எளநில என்ன இருக்குன்னு.”

அவர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். இன்னும் சரியாகப் பேசுவதில்லை. செல்வி ஒரு பக்க வாயால் சிரித்தாள். நோய் வந்த பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

ஆறாவது வாரம் ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். விழுங்கவில்லை என்றால் வயிற்றில் துளை. கெட்டியான கேழ்வரகுக் கூழ் கொண்டுவரச் சொன்னதால் நானே கிண்டி எடுத்துப் போயிருந்தேன். டாக்டர் குனிந்து அவள் தொண்டையில் விரல் வைத்தார். ஷர்மிளா சின்ன ஸ்பூனை என்னிடம் நீட்டினார். “நீங்களே குடுங்க.”

நான் நீட்டினேன். ஸ்பூன் ஆடியது. செல்வி அதைப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு வார்த்தையாக இழுத்துச் சொன்னாள்: “மொதல்ல… ஒழுங்கா… பிடிங்க.”

பிடித்தேன். நாடியைத் தாழ்த்தினாள். தொண்டை ஏறி இறங்கியது. “ஆ” என்றாள். குரல் தெளிவாக இருந்தது. டாக்டர் இன்னொன்று என்றார். பிறகு இன்னொன்று. பத்து ஸ்பூன் இறங்கியது. வயிற்றில் துளை வேண்டாம் என்றார். அடுத்த வாரம் குழாயையும் எடுத்துவிட்டார்கள்.

இப்போது குழைந்த சோறு, மசித்த காய் சாப்பிடுகிறாள். வெறும் தண்ணீருக்கு இன்னும் அனுமதி இல்லை, கெட்டிப்படுத்தித்தான் குடிக்கிறாள். அவள் எதிரில் நான் சொம்பைத் தூக்குவதில்லை. தியாகமெல்லாம் இல்லை, முறைக்கிறாள். கை பாதி வந்திருக்கிறது. சுவரைப் பிடித்து நடக்கிறாள்.

மார்க்கெட்டுக்குப் பூ வாடாமல் போய்ச் சேர வேண்டும் என்று வாழ்நாள் முழுக்க ஐந்து நிமிடத்தில் சோற்றை அள்ளிப் போட்டவன் நான். இப்போது எங்களுக்கு ஒரு சாப்பாட்டுக்கு முக்கால் மணி நேரம் ஆகிறது. அவள் ஒரு வாய் வைப்பாள். நான் என் வாயில் சோற்றை வைத்துக்கொண்டு காத்திருப்பேன். அவள் தொண்டை இறங்கும்போதுதான் என்னுடையதும் இறங்குகிறது. நான் நினைத்துச் செய்வதில்லை, அது தானாக நடக்கிறது.