செல்வமேரியின் சாம்பல் வாளி

என் மனைவி செல்வமேரியிடம் பொன்னைக் கொடுத்தால் எங்கேயாவது வைத்துவிட்டுத் தேடுவாள். சாம்பலைக் கொடுத்தால் ஒரு சிட்டிகை வீணாகாது. இப்படி ஒருத்தியைக் கட்டிக்கொண்டு கொடைக்கானலில் தோட்டக்காரனாகக் காலம் தள்ளுவது என்ன பாடு என்று கர்த்தருக்குத்தான் தெரியும்.

அவள் பேத்துப்பாறைக் கிராமத்துக்காரி. பிறந்த வீட்டில் ஏழு பேருக்கு ஒரே அடுப்பு. பாத்திரம் துலக்கவும் விதை அவரையில் கலந்து வைக்கவும் அந்தச் சாம்பல்தான். நான் வேலை பார்த்த பங்களாவிலோ மூன்று அறைக்குக் குளிர்காய மூன்று கணப்பு. வீட்டு வேலைக்கு வந்த முதல் நாள், கணப்புகளைக் கூட்டி அள்ளிவிட்டு வாளியைப் பார்த்தபடி நின்றாள்.

"இம்புட்டையுமா வெளிய கொட்டுறாங்க? பாவம் இல்லையா?"

அன்று பிடித்தது சனி. விளக்குச் சிம்னி துடைக்கச் சாம்பல், பாசி வழுக்கும் படிக்குச் சாம்பல், முட்டைக்கோஸ் புழுவுக்குச் சாம்பல். ஒருநாள் ஆறாத சாம்பலைக் கோழிகள் புரளுவதற்குக் குழியில் போட்டாள். சேவல் கூரைமேல் ஏறிக்கொண்டு சாயங்காலம்வரை இறங்கவில்லை. காப்பியில்கூட ஒருமுறை சாம்பல் வாடை அடித்தது. கேட்டால், "சளிக்கு நல்லதுங்க" என்கிறாள்!

அதெல்லாம் போகட்டும். ஹைட்ராஞ்சியாவில் கை வைத்தாளே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

வாசல் பாதையின் இருபுறமும் இருபது செடிகள், பந்து பந்தாக நீலப் பூ. பங்களாக்காரி சுந்தராம்பாளின் மாமனார் வைத்தவை. அந்த அம்மாள் மதுரையிலிருந்து சித்திரையில் வந்து இறங்கியதும் முதலில் பார்ப்பது அவற்றைத்தான். அந்தப் பூவுக்கு ஒரு குணம் உண்டு. மலையின் புளித்த மண்ணில் நீலமாகப் பூக்கும். சாம்பல் சேர்ந்து மண்ணின் புளிப்பு போனால் ரோஸ் நிறமாகிவிடும். ஐம்பத்தெட்டாம் வருஷம் ஐப்பசியில் கடைசிப் பூக்கள் வெளிறிச் சிவந்தபோதுதான், இவள் ஒரு வருஷமாக வாளி வாளியாகக் கொட்டியது தெரிந்தது.

"ஏ புள்ள, உன்னை யாரு அங்க கொட்டச் சொன்னது?"

"செடிக்கு உரம்னு நீங்கதான சொன்னீங்க?"

"முட்டைக்கோசுக்குச் சொன்னேன்!"

"அதுவும் செடிதான, இதுவும் செடிதான?"

தலையில் அடித்துக்கொண்டேன். முந்தின வருஷம் ரோஜாவில் பூச்சி விழுந்ததற்கே அந்த அம்மாள், "இனி எதாச்சும் கெட்டா வேற ஆளைப் பாத்துக்கிருவேன்" என்று சொல்லியிருந்தாள். வேலை போனால் பின்கட்டில் நாங்கள் இருந்த ஒற்றை அறையும் போகும். சோலைக்காட்டுக்குள்ளிருந்து புளித்த மண்ணைச் சுமந்து வந்து, வேரைச் சுற்றித் தோண்டி மாற்றினேன். ஆறு மாதம் இடுப்பொடிய உழைத்ததில் இரும்புக் கேட்டுக்குப் பக்கத்திலிருந்த மூன்று செடிகளைத்தான் நீலத்துக்குத் திருப்ப முடிந்தது. தினமும் இவளைத் திட்டினேன். அந்த அம்மாள் கேட்டால் இவளைக் கைகாட்டிவிடுவது என்றுகூட நினைத்திருந்தேன்.

சித்திரையில் கார் வந்தது. கூடவே, அந்த அம்மாளின் மகளுக்குச் சம்பந்தம் பேசிய கோயம்புத்தூர்க்காரர்கள். பாதையைப் பார்த்ததும் சுந்தராம்பாளின் முகம் கறுத்தது.

"அடடா!" என்றார் சம்பந்தியம்மாள். "வர்ற வழியெல்லாம் நீலந்தானுங்க. உங்க ஊட்ல மட்டும் ரோஸு! என்ன அழகு!"

சுந்தராம்பாள் முகம் ஒரு நொடியில் மலர்ந்தது. "நாந்தான் இப்பிடி வைக்கச் சொன்னேன்" என்றாளே பார்க்கலாம்! பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஏம்ப்பா அலெக்சாண்டர், கேட்டுக்குக் கிட்ட மூணு மட்டும் ஏன் நீலமா கெடக்கு? ஒரு வேலையை ஒழுங்காச் செய்யமாட்டியா?"

ஆறு மாத மண்சுமை! நான் வாய் திறப்பதற்குள் செல்வமேரி முன்னால் வந்து நின்றாள்.

"அவரு மேல தப்பில்லைங்கம்மா. அந்த மூணையும் நாந்தான் கவனிக்காம விட்டுட்டேன். திட்டுறதுன்னா என்னையத் திட்டுங்க."

திட்டு முழுவதையும் தலைகுனிந்து வாங்கிக்கொண்டாள். அவளைக் காட்டிக்கொடுக்க நினைத்த எனக்கு அங்கே நிற்கவே கூசியது.

மறுநாள் வெள்ளனே எழுப்பினாள். "வெரசா எந்திரிங்க. மூணு செடிக்கும் சாம்பல் பத்தாது. பக்கத்து பங்களாவுல அவங்க சாம்பலை வெளிய கொட்டிரப் போறாங்க."

வாளியை எடுத்துக்கொண்டு போனேன்.